பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை

காலை ஆறு ஐந்துக்கு அவுனே கூப்பிட்டார்.
"மறுபடியும் பூட்டிக்கொண்டது, தார்வோ."
குரலில் கோபமில்லை. அதுதான் சங்கடம்.
வீர்ட்சு துறையில்
ஏழரைக் கப்பலுக்கு நாற்பத்தொரு வண்டிகள்
பனியில் நிற்கின்றன.
ஒன்று பால் லாரி. ஒன்று சவ வண்டி.
ஏற்றும் பட்டியல் அவர் கணக்குக்கு உள்ளே.
அவர் வெளியே.

பூட்டைத் திறந்துவிட்டேன், ஒரே சொடுக்கு.
பன்னிரண்டு நிமிடம் கழித்து மறுபடி போன்.

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன்.
பெரிய எழுத்து விசை அமுங்கியிருக்கிறதா?
பலகை ருஷ்ய எழுத்துக்கு மாறிவிட்டதா?
"இருபத்தாறு வருஷமாக
யார் முதலில் ஏறுவது என்று சொல்கிறவள் நான்.
என் சொல்லை எனக்குத் தட்டத் தெரியும்."

அந்தச் சொல் எனக்குத் தெரியாது.
சர்வருக்கும் தெரியாது என்றால்
ஒருவரும் நம்புவதில்லை.
சொல்லை அரைத்த மாவைத்தான் அது வைத்திருக்கிறது.
நீங்கள் தட்டியதை மறுபடி அரைத்து
மாவோடு மாவைப் பார்க்கிறது.
மாவிலிருந்து அரிசிக்குத் திரும்ப வழி கிடையாது.

பதிவேட்டைத் திறந்தேன்.
இரவு முழுக்க ஒரே வரி:
பிழை நாற்பத்தொன்பது.
அதன் வாலில் சின்னதாக இன்னோர் எண் இருக்கும்.
அப்படி ஆளே இல்லை என்றால் ஒன்று,
ஆள் உண்டு, சொல் தவறு என்றால் வேறொன்று,
பூட்டியாகிவிட்டது என்றால் எழுநூற்று எழுபத்தைந்து.
வாலைப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு.
வாசலில் நிற்பவருக்கு எப்போதும் ஒரே வாசகம்:
பெயரோ சொல்லோ தவறு.
எது என்று சொன்னால் திருடனுக்கு உதவிவிடுமாம்.

இரண்டரை நிமிடத்துக்கு ஒரு தட்டு.
ஐந்தாவது தட்டில் பூட்டு.
ஆத்திரமில்லாத, களைப்பில்லாத தட்டு;
மனிதக் கை இல்லை என்று அப்போதே தெரிந்தது.
வந்த முகவரியைத் தேடினேன்:
மெரிகே.
போன ஜூனில் ஓய்வு கொடுத்து
பின்துறையில் கட்டிப்போட்ட கப்பல்.

கயிற்றில் பனி கட்டைவிரல் தடிமனுக்கு.
ஏணியில் இரண்டு முறை வழுக்கினேன்.
குழாய் உறையக்கூடாதென்று
நேற்று மாலை கரையிலிருந்து
மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள்.
மேல்தளத்தில், சுக்கானுக்குப் பக்கத்தில்,
எட்டு மாதம் செத்துக் கிடந்த பலகைக் கணினி
விழித்ததும் செய்த முதல் காரியம்
தனக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னதுதான்.
அதற்குப் பிறகு மூன்று முறை சொல் மாறிவிட்டது.
அதனிடம் யாரும் சொல்லவில்லை.

திரையில் இன்னும் ஜூன் மாதப் பட்டியல்:
மிதிவண்டிகள் அறுபது,
தேன்பெட்டி ஏற்றிய டிரெய்லர்,
குதிரை இரண்டு.
தன்னை அவுனே என்றே அது நம்பிக்கொண்டிருந்தது.
ஜூன் மாத அவுனே.

போனில் சொன்னேன்.
"என்ன சொல் போட்டிருக்கிறது?"
"தெரியாது. புள்ளிகள்தான். ஒன்பது."
"ஒன்பதா?"
அவர் எண்ணுகிறார் என்று தோன்றியது.
பிறகு கொஞ்ச நேரம்
பால் லாரியின் ஹாரன் மட்டும் கேட்டது.
"அணைத்துவிடு," என்றார்.

அணைத்தேன்.
எதற்கும் இருக்கட்டும் என்று
மின்கம்பியையும் பிடுங்கினேன்.
அந்த இருட்டில் என் மூச்சு தெரிந்தது.

கப்பல் ஏழு நாற்பத்துநாலுக்குப் புறப்பட்டது.
சவ வண்டியை முதலில் ஏற்றினார்.
ஏனென்று கேட்கவில்லை, அது அவர் வேலை.

அறைக்குத் திரும்பி முறையீட்டை முடித்தேன்.
காரணம்: பழைய கருவி.
தீர்வு என்ற கட்டத்தில் என்னமோ எழுத வந்தது,
எழுதவில்லை. அணைக்கப்பட்டது என்று போட்டேன்.

காபி எடுத்து வருவதற்குள்
என் திரையும் பூட்டிக்கொண்டது.
விரல் மரத்திருந்தது.
தட்டினேன்.
பெயரோ சொல்லோ தவறு.
இன்னொரு முறை.
பெயரோ சொல்லோ தவறு.

மூன்றாவதற்கு முன்
கையைக் கோப்பைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு
பெயர்க் கட்டத்தில் இருப்பதை
எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தேன்.